ஐம்பதுக்கு ஒன்று குறைவு

எங்கள் கடைக்கு 2021 தை மாதம் ஐம்பது வயது நிறைந்திருக்கும். விழாவுக்கு வருகிறவர்களுக்கு எவர்சில்வர் தூக்குவாளி கொடுப்பதா, பித்தளைக் குத்துவிளக்கு கொடுப்பதா என்பது வரை நாலு வருஷத்துக்கு முன்பே மனசுக்குள் முடிவு பண்ணி வைத்திருந்தேன். 2020 தையில், 49 முடிந்த கையோடு, ஷட்டரை இறக்கிச் சாவியை இன்னொருவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, விருதுநகரில் பஸ் ஏறி மல்லாங்கிணறு வந்து சேர்ந்தேன்.

ஊரில் இதற்கு மூன்று கதை உலவுகிறது. விலை ஏறும் என்று மல்லியை அடைத்து வைத்துக் கையைச் சுட்டுக்கொண்டேன் என்பது ஒன்று. பையன்கள் சென்னை, பெங்களூர் என்று போய்விட்டதால் கடையைப் பார்க்க ஆள் இல்லை என்பது இன்னொன்று. பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கெட்டான் என்பது மூன்றாவது. டீக்கடைப் பெஞ்சில் அதற்குத்தான் மவுசு அதிகம். மூன்றும் பொய். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எனக்கு 79 ஆகிறது, இனிமேல் யாருக்குப் பயந்து என்ன? தவிர, ஜாமீன் கையெழுத்துக் கேட்டு உங்கள் வீட்டுத் திண்ணைக்கும் ஒருவர் வரத்தான் போகிறார். அநேகமாக அவர் உங்கள் மைத்துனராக இருப்பார்.

முன்கதையில் புதுசாக ஒன்றுமில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1946-இல் பிறந்தேன். அப்பாவுக்கு ஆறு ஏக்கர் கரிசல். மழை பெய்தால் கருங்கண்ணிப் பருத்தி, கம்பு, சோளம். பெய்யாவிட்டால் வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போடுவார். 1963-இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் விருதுநகரில் ஒரு கமிஷன் மண்டியில் கொண்டுபோய் விட்டார். மாதம் 35 ரூபாய் சம்பளம், மத்தியானச் சாப்பாடு. 1971 தையில் சொந்தக் கடை. 1972-இல் கல்யாணம். இரண்டு பையன், ஒரு பெண். 1984-இல் ஊரில் வீடு கட்டினேன். மூன்று பேரையும் படிக்கவைத்தேன், மூன்று பேருக்கும் கல்யாணம் பண்ணினேன். இதெல்லாம் எல்லோரும் செய்வதுதான்.

தொழில் கற்றுக்கொண்டதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வருஷம் முதலாளி என்னைப் பேனாவைத் தொடவிடவில்லை. கோணூசியும் சணலும்தான் என் கையில். மூட்டை தைக்க வேண்டும், குத்தூசியால் குத்திச் சாம்பிள் எடுக்க வேண்டும், சிந்தியதைக் கூட்டி அள்ள வேண்டும். மல்லியை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்து மூக்குக்குக் கொண்டுபோனால் காய்ந்த மல்லிக்கு வாசம் சட்டென்று ஏறும். ஈரம் இருந்தால் அமுங்கித்தான் வரும். வத்தலைக் காதருகே வைத்துக் குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். சத்தம் போடாத வத்தலுக்குத் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், எடையில் நம்மை ஏமாற்றப் பார்க்கிறார்கள். இன்றைக்கும் பேப்பரில் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று போட்டு, மல்லி லயன் 40 கிலோ இவ்வளவு, முண்டு வத்தல் குவிண்டால் இவ்வளவு என்று எழுதுகிறார்களே, அந்த வரியைப் படிக்கும்போதே எனக்கு மூக்கில் வாசம் வந்துவிடும். எழுபத்தொன்பது வயதில் காது மந்தம், கண் மங்கல். மூக்கு மட்டும் அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது.

மூன்றாவது வருஷம் பேனா கொடுத்தார். முதல் பாடம், மகமையைத் தனியாக எழுது என்பது. மூட்டைக்கு இவ்வளவு என்று ஊர்ப் பொதுவுக்கு எடுத்து வைக்கிற பணம் மகமை. காமராஜர் சின்ன வயதில் படித்த சத்திரிய வித்தியாசாலையெல்லாம் மகமையிலும் பிடியரிசியிலும் வளர்ந்த பள்ளிக்கூடம். அந்தக் காசு ஒருநாள்கூடக் கடைக் கல்லாவில் கலந்து கிடக்கக் கூடாது. இரண்டாவது பாடம், பணம் நகர்ந்தால் அன்றே பேரேட்டில் ஏறவேண்டும். நகராத பணத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லித்தரவில்லை. பின்னால் இதைப் பற்றிச் சொல்கிறேன்.

1967 தேர்தலில் காமராஜர் விருதுநகரில் 1,285 ஓட்டில் தோற்றார். ஓட்டுப்போடும் வயது அப்போது 21, எனக்கு எட்டவில்லை. அன்றைக்கு முதலாளி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் சிட்டையின் ஓரத்தில் அந்த நான்கு இலக்க எண்ணை எழுதி வட்டம் போட்டார். ஏன் எழுதினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எவ்வளவு பெரிய பெயருக்கும் ஒரு எண் காத்திருக்கிறது என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். அப்போது அர்த்தம் பண்ணிக்கொண்டதை 2015-இல் மறந்துபோனேன்.

என் கடையில் கடனுக்கு ஒரு சட்டம் இருந்தது. பழைய பில் பைசலாகாமல் புது லோடு ஏறாது. இருபது வருஷப் பார்ட்டியாக இருந்தாலும், சம்பந்தியாக இருந்தாலும் அதுதான். வீட்டுக்கும் ஒரு சட்டம். மாதம் முதல் தேதி கடையிலிருந்து எனக்குச் சம்பளம் எடுத்து மனைவி கையில் கொடுத்துவிடுவேன். அதற்கு மேல் கல்லாவில் கைவைக்க எனக்கே உரிமை கிடையாது. தீபாவளிக்குச் சேலை எடுப்பதும் அந்தச் சம்பளத்துக்குள்தான். கருமி என்றார்கள். இருக்கட்டும். மார்க்கெட்டில் எத்தனையோ கடை நொடித்ததைப் பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லாவற்றிலும் வீட்டுச் செலவு கல்லாவுக்குள் புகுந்துதான் அரித்திருக்கிறது. நீங்கள் கடை வைத்திருந்தால் நாளைக் காலையிலேயே உங்களுக்கென்று ஒரு சம்பளத்தை நிர்ணயம் செய்யுங்கள். இதில் மட்டும் நான் சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம்.

இப்போது 2015-க்கு வருகிறேன்.

ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை. மனைவியின் தம்பி வந்தார். வடக்கே ஊர் ஊராகப் போய்ப் பட்டாசு ஆர்டர் பிடிக்கிற வேலையில் பல வருஷம் இருந்தவர். நல்ல பேச்சு, இந்தி தண்ணீர் பட்ட பாடு. சிவகாசிப் பக்கம் ஒரு ஆலையைக் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து எடுத்திருந்தார். நாக்பூரிலிருந்து வாங்குகிற வெடிமருந்து லைசென்ஸ் இருக்கிறது, ஆர்டர் இருக்கிறது, சீசனுக்குச் சரக்குப் போட மட்டும் பணம் வேண்டும், பேங்கில் 40 லட்சம் கேஷ் கிரெடிட் தருகிறார்கள் என்றார்.

“பேங்குல ஒரு ஜாமீன் கேக்காங்க அத்தான். பார்மாலிட்டிதான். உங்க கையெழுத்துன்னா மானேஜர் எந்திரிச்சு நிப்பாரு.”

கடைசியில் சொன்னாரே, அந்த ஒரு வாக்கியம்தான் என்னை விழுங்கியது. மனைவி அப்போது அடுப்படியில் இருந்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கேட்கவுமில்லை. டீக்கடைப் பெஞ்சுக்காரர்கள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

மறுநாள் போனோம். மானேஜர் நிஜமாகவே எழுந்து நின்றார். டீ வந்தது, கூடவே முறுக்கு. வாசிக்கிற கண்ணாடியைக் கடையில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்த ஆறு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கடை, குடோன், ஊர் வீடு, மூன்றின் பத்திரமும் பேங்குக்குப் போனது, பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்ததற்கான எம்.ஓ.டி. என்று சப்-ரிஜிஸ்டர் ஆபீசில் பதிவும் ஆனது. தண்ணீர் தெளித்த வத்தலைக் காதால் கண்டுபிடிக்கிறவன், நாற்பது லட்சத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல் வாங்கினேன்.

அன்று ராத்திரி மனைவி கேட்டாள், “என்னத்துலங்க கையெழுத்துப் போட்டீங்க?”

“ஒண்ணுமில்ல. ஒரு மரியாதைக்கு.”

இரண்டாவது தடவை 2017 வைகாசியில். அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண வீடு. லிமிட்டை 65 லட்சமாக ஏற்றுகிறார்கள் என்று மைத்துனர் காகிதத்தை அங்கேயே கொண்டுவந்துவிட்டார். கார் பானெட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். சட்டைப் பையில் அன்றைக்குக் கண்ணாடி இருந்தது. எடுக்கவில்லை. நாலு பேர் பார்க்கிற இடத்தில் மச்சினன் நீட்டிய காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தால் நன்றாகவா இருக்கும்?

பட்டாசுத் தொழிலின் பணம் எப்படிச் சுற்றுகிறது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. வருஷம் முழுக்கச் சரக்குப் போட வேண்டும். ஆடிப்பெருக்குக்குப் பூஜை போட்டு விற்பனை தொடங்கும். வடக்கே போகிற சரக்கில் பெரும்பகுதி கடன். தீபாவளி முடிந்து ஏஜென்டுகள் காசைப் பார்த்த பிறகுதான் சிவகாசிக்குப் பணம் திரும்பும். ஐப்பசியில் வானத்தில் வெடித்ததற்கான காசு கார்த்திகை, மார்கழியில் வந்து சேரும். 2016-இல் தீபாவளி அக்டோபர் 29. பத்து நாள் கழித்து நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். வசூலுக்குப் போன நேரம் அது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி., பட்டாசுக்கு முதலில் 28 சதவீதம், நவம்பரில்தான் 18 ஆனது. அதே வருஷம் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் டெல்லியில் பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. மைத்துனருடைய பெரிய பார்ட்டிகள் டெல்லிக்காரர்கள்.

அப்புறம் 2018 அக்டோபர் 23, அதே நீதிமன்றத்தின் தீர்ப்பு. சரவெடி கூடாது, பேரியம் உப்பு கூடாது, புகை குறைந்த பசுமைப் பட்டாசு மட்டும், அதுவும் இரண்டு மணி நேரம். தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. நம் ஊரில் காலை 6 முதல் 7, ராத்திரி 7 முதல் 8 என்று அரசு நேரம் குறித்ததும், பேரப்பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வெடித்ததும் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். தீர்ப்பை நான் குறை சொல்லவில்லை, மூச்சிரைப்பு எனக்கும் உண்டு. ஆனால் மைத்துனர் ஆலையில் பாதிக்கு மேல் சரவெடி. மீதியில் பச்சை நிறம் காட்டுகிற சரக்கு, பேரியம் இல்லாமல் அந்த நிறம் வராது. தீபாவளி முடிந்ததும் சிவகாசி வட்டாரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆலைகள் மாதக்கணக்கில் கதவைச் சாத்தின. அதில் வேலை பார்த்த சனங்கள் பட்ட பாட்டுக்கு முன்னால் என் பாடு ஒன்றுமே இல்லை. அதை எழுத வேண்டியவர்கள் அவர்கள், நான் இல்லை.

இருந்தாலும் ஒன்று சொல்லாமல் விட மனசு வரவில்லை. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் மாதக்கணக்கில் இருந்து தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்துதான் சிவகாசியில் தொடங்கினார்கள். பிறகு அணில், காக்கா என்று ஆளுக்கொரு முத்திரை வைத்து அவரவர் தொழிலைத் தனித்தனியாக நடத்தினார்கள். உறவு உறவாக இருந்தது, பேரேடு வேறாக இருந்தது. என் மைத்துனர் விற்கக் கற்றவர். செய்யக் கற்றவர் இல்லை. மருந்து அறையில் எத்தனை பேர் நிற்கலாம் என்பதைக்கூட போர்மேனைக் கேட்டுத்தான் சொல்வார். இதை 2015-லேயே நான் கவனித்திருக்க வேண்டும். கவனித்தேன் என்றுதான் நினைக்கிறேன். மானேஜர் எழுந்து நிற்பார் என்று சொன்ன பிறகு வேறு எது கண்ணில் பட்டது?

2019 ஆடியில் ரிஜிஸ்டர் தபால் வந்தது. சர்ஃபாசி சட்டம் 13(2)-இன்படி நோட்டீஸ். வட்டியோடு 71 லட்சத்துச் சொச்சம், அறுபது நாளில் கட்ட வேண்டும். என் பெயருக்கு வந்திருந்தது. தப்பாக அனுப்பிவிட்டார்கள், முதலில் ஆலையை விற்பார்கள், குறைந்தால்தானே நம்மிடம் வருவார்கள் என்று மூன்று நாள் சும்மா இருந்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

மதுரை வக்கீல் சிரிக்கவில்லை, அதற்கே அவருக்கு நன்றி. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தைக் காட்டினார். 128-ஆம் பிரிவு: கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, தனியாக வேறு மாதிரி எழுதாதவரை, ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. முதலில் அவனிடம் வசூல் பண்ணிவிட்டு அப்புறம் என்னிடம் வா என்று சொல்லும் உரிமை நமக்குக் கிடையாது. பேங்கு யார் கதவை முதலில் தட்டுவது என்பது பேங்கின் இஷ்டம். ஊருக்கு ஒதுக்குப்புறத்தில், சாத்திக்கிடக்கிற பட்டாசு ஷெட்டை ஏலத்தில் எடுக்க யார் வருவார்? விருதுநகர் மார்க்கெட்டில் கடையும் குடோனும் என்றால் கேட்ட மறுநாள் ஆள் வருவான். பேங்கு எந்தக் கதவைத் தட்டும் என்று சொல்ல வக்கீல் வேண்டியதில்லை.

அப்பாவின் ஆறு ஏக்கரைக் கேட்டேன். விவசாய நிலத்தை இந்தச் சட்டத்தில் தொட முடியாது என்றார். மழை பெய்யாத கரிசலை யாரும் தொட முடியாது, மழைக்கு ஒழுகாத வீட்டைத் தொடலாம். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.

130-ஆம் பிரிவைப் படித்தபோதுதான் வயிறு எரிந்தது. நான் போட்டிருந்தது தொடர் ஜாமீன். வேறு மாதிரி எழுதப்பட்டிருந்தால் தவிர, அப்படிப்பட்ட ஜாமீனை எப்போது வேண்டுமானாலும், இனிமேல் கொடுக்கப்போகிற கடனுக்கு நான் பொறுப்பில்லை என்று பேங்குக்கு எழுதிக் கொடுத்து நிறுத்திக்கொள்ளலாம். அதுவரை நிலுவையில் இருந்ததற்கு மட்டும்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 2017-இல் நிலுவை 40 லட்சத்துக்குள்தான் இருந்தது. ஒரு ரிஜிஸ்டர் தபால் செலவில் முடிந்திருக்கும். அதற்குப் பதிலாகக் கார் பானெட்டில் கையெழுத்துப் போட்டு 65-க்கு ஏற்றிக் கொடுத்தேன். ஜாமீன்தாரருக்குத் தெரியாமல் கடன் நிபந்தனையை மாற்றினால் அதற்குப் பின்னால் நடந்ததிலிருந்து விடுதலை கிடைக்கும் என்று 133-ஆம் பிரிவில் இருக்கிறதாம். ஆனால் எனக்குத் தெரிந்துதானே மாற்றினார்கள், என் கையெழுத்தே சாட்சி.

ஆறு மாதம் பேங்குக்கும் வீட்டுக்கும் அலைந்தேன். புது மானேஜர் எழுந்து நிற்கவில்லை. ஒன் டைம் செட்டில்மென்ட் என்று 52 லட்சத்துக்குப் பேசி முடித்தோம். கடையும் குடோனும் போயின. அப்படியும் நாலு லட்சம் குறைந்தது. மனைவி உள்ளே போய் ஒரு தகர டப்பாவை எடுத்து வந்தாள். 47 வருஷமாக முதல் தேதி நான் கொடுத்த சம்பளத்தில் மிச்சம் பிடித்து, போஸ்ட் ஆபீசிலும் சீட்டிலும் போட்டு வைத்திருந்த பாஸ்புத்தகங்கள். பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கெட்டவனின் வீடு அப்படித்தான் தப்பியது. 2020 பிப்ரவரி 12 அன்று கடைசித் தவணை கட்டினேன். கடன் தீர்ந்த சான்று, வீட்டின் மூலப்பத்திரம், எம்.ஓ.டி. ரத்து ரசீது மூன்றையும் கையில் வாங்காமல் பேங்கை விட்டு நகரவில்லை. வீட்டுக்கு வந்ததும் வில்லங்கம் போட்டுப் பார்த்து, ரத்து ஏறியிருக்கிறதா என்று இரண்டு தடவை படித்தேன், கண்ணாடி போட்டுக்கொண்டு.

பெரிய பையன் சென்னையிலிருந்து வந்து, “ஏம்ப்பா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல” என்றான். 2015-இல் அவனுக்கு நான் போட்ட போன்களில் எத்தனையை எடுத்தான் என்று அவன் மனசாட்சிக்குத் தெரியும். முப்பது வருஷ வீட்டுக்கடன் வாங்கி வைத்திருக்கிறவன் எனக்குக் கடனைப் பற்றிப் பாடம் நடத்துகிறான்.

என்ன தப்புப் பண்ணினேன் என்று இந்த ஐந்து வருஷமாக யோசித்ததில், படிக்காமல் போட்டது பெரிய தப்பு என்றுகூட இப்போது தோன்றவில்லை. படித்திருந்தாலும் போட்டிருப்பேன். பேரேட்டில் எழுதாததுதான் தப்பு. நாற்பது லட்சத்துக்குப் பொறுப்பேற்றுவிட்டு வந்த அன்று என் கடைக் கணக்கில் ஒரு பைசா மாறவில்லை. பணம் நகரவில்லை, அதனால் எழுதவில்லை. முதலாளி சொல்லித்தராத பாடம் அதுதான். ஜாமீன் போட்ட அன்றே ஒரு பக்கத்தைத் திறந்து, மைத்துனர் பெயரை மேலே போட்டு, பற்று 40,00,000 என்று எழுதியிருந்தால், வருஷக் கடைசியில் ஐந்தொகை எடுக்கும்போது அந்த எண் என் எதிரே உட்கார்ந்திருக்கும். 2017-இல் அதன் அடியில் 25 லட்சம் சேர்க்கப் பேனா எழுந்திருக்குமா? மனைவி வருஷாவருஷம் புதுக்கணக்கு அன்று பேரேட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைப்பாள், புரட்டிப் பார்ப்பாள். அவள் கண்ணில் பட்டிருக்கும். அவள் கண்ணில் படக்கூடாது என்றுதான் எழுதவில்லையோ என்னவோ.

ஆகையால் நீங்கள் எழுதுங்கள். யாருக்கு ஜாமீன் போட்டாலும் அன்று ராத்திரியே உங்கள் நோட்டில் முழுத் தொகையையும் உங்கள் கடனாக எழுதி, வீட்டில் ஒருவருக்குக் காட்டுங்கள். எழுதக் கை நடுங்கினால் மறுநாள் போய் முடியாது என்று சொல்லிவிடலாம். உறவு முறியும் என்பார்கள். எனக்குக் கையெழுத்துப் போட்டுத்தான் முறிந்தது.

தப்ப முடியாமல் போட்டே ஆக வேண்டும் என்றால், தொகையை எண்ணாலும் எழுத்தாலும் குறிப்பிட்டு அதற்கு மேல் பொறுப்பில்லை என்று எழுதச் சொல்லுங்கள். வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். நீங்கள் கையெழுத்திட்ட ஒவ்வொரு தாளுக்கும் நகல் வாங்குங்கள். நான் முதல் நகலைப் பார்த்தது 2019-இல், வக்கீல் மேசையில். ஜாமீன் போட்ட கடன் உங்கள் சிபில் அறிக்கையிலும் வரும். வருஷத்துக்கு ஒரு தடவை அதை இலவசமாகப் பார்க்கலாம், உங்கள் பேத்தியிடம் போனைக் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் எடுத்துத் தருவாள். கணக்கு தடுமாறுகிறது என்று தெரிந்த அன்றே ரிஜிஸ்டர் தபாலை அனுப்பிவிடுங்கள். பேங்கில் டீ குடிக்காதீர்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். முறுக்கும் வேண்டாம்.

மைத்துனர் இப்போது இன்னொருவர் கடையில் சீசனுக்கு விற்பனை பார்க்கிறார். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு கிஃப்ட் பாக்ஸோடு வந்துவிடுவார். க்யூ.ஆர். கோடு போட்ட பசுமைப் பட்டாசு. “வாங்க மாப்ளே” என்பேன். அதற்கு மேல் வார்த்தை வராது. மனைவி இலை போடுவாள். பேரப்பிள்ளைகள் வெடித்து முடிக்கும்வரை அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார், நான் உள்ளே பேப்பரில் மார்க்கெட் நிலவரம் பார்ப்பேன்.

கட்டிய 52 லட்சத்தையும் மைத்துனரிடமிருந்து வாங்கும் உரிமை எனக்கு இருந்தது. ஒப்பந்தச் சட்டத்தின் 140, 145-ஆம் பிரிவுகள். கட்டிய நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். கொரோனாவுக்காக 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை உள்ள காலத்தைக் கெடுவில் கழித்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் அனுமதித்திருந்ததால் எனக்கு இன்னும் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கூடுதலாகக் கிடைத்தது. வக்கீல் கணக்குப் போட்டு 2025 ஜனவரி கடைசி வாரத்தில் முடிகிறது என்று சொல்லியிருந்தார். அந்தத் தேதியை மட்டும் நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். நோட்டு பூஜை அலமாரியில் இருந்தது.

போன தையில், பொங்கல் முடிந்த இரண்டாவது வாரம், காலையில் வக்கீல் போன் பண்ணினார். “அய்யா, நாளையோட கெடு முடியுது. வக்காலத்தும் ஃபைலும் ரெடியா இருக்கு. என்ன செய்ய?”

மனைவி எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

“யாருங்க போன்ல?”

“ஒண்ணுமில்ல. மல்லி வெல கேட்டாங்க.”

மல்லி வியாபாரத்தை விட்டு ஐந்து வருஷமாகிறது என்பது அவளுக்குத் தெரியும். பூஜை அலமாரியைத் தினமும் துடைப்பதும் அவள்தான்.

“என்ன வெல சொன்னீங்க?” என்று கேட்டுவிட்டு, கீரையை அலசத் தண்ணீர் எடுக்க எழுந்து போனாள்.